பிட்டர் செய்த சைலன்சர்

“பங்குனி 20. கிணற்று இன்ஜினுக்கு பிட்டர் சைலன்சர் மாட்டினார். வீட்டிலிருந்து கேட்டால் சத்தம் இல்லை. எதற்கு என்று கேட்டேன். ‘கேட்டுச்சி’ என்றார்.”

1959 ஏப்ரல் தொடக்கத்தில் நான் எழுதிவைத்த குறிப்பு இது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் வேலை. மழை, ரயில் தாமதம், பள்ளிக்கு வந்த பிள்ளைகள், இரவல் வாங்கிப் படித்த புத்தகங்கள், யார் வீட்டில் காய்ச்சல் என்று எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. தமிழ்த் தேதிதான் போடுவேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் பல இடங்களில் பிட்டர் வருகிறார். ஓரிடத்திலும் அவருடைய பெயர் இல்லை. ஊர் அவரை பிட்டர் என்றே அழைத்தது. நான் பிட்டரண்ணா என்பேன்.

“கேட்டுச்சி” என்பது அவருடைய பதில். எதைக் கேட்டாலும் அதுதான். அது ஆமாம் என்று அர்த்தமாகாது, இல்லை என்றும் ஆகாது. நீ பேசியது என் காதில் விழுந்தது, அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதே என்பதுதான் அது. சொல்லும்போது முகத்தைத் திருப்ப மாட்டார். இடது காதை மட்டும் நம் பக்கம் சாய்ப்பார். அவரோடு பேசிவிட்டு வந்தால் ஒரு மனிதரிடம் பேசிய மாதிரி இருக்காது, ஒரு காதிடம் பேசிய மாதிரி இருக்கும்.

அந்தக் காது சாதாரணக் காது இல்லை. திருப்பதியில் ஒரு பஸ் பட்டறையில் பதினைந்து வருஷம் பிட்டராக, இன்ஜின் பொருத்துகிற வேலை பார்த்தவர் அவர். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடினவே, அப்போது மலையடிவாரத்து அலிபிரிப் பக்கம் திணறிக்கொண்டு வரும் வண்டியைக் கண்ணால் பார்க்காமலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாராம். ஊருக்குத் திரும்பி வந்தபோது மரப்பிடி போட்ட நீளமான ஸ்குரு டிரைவர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். வைத்தியர் நாடி பார்ப்பது போல இருக்கும். என்ன கண்டுபிடித்தார் என்று யாருக்கும் சொல்ல மாட்டார். பானா என்கிற ஸ்பேனரை எடுத்து எதையோ கால் திருகு திருப்புவார். இன்ஜின் சரியாகிவிடும்.

ஒருமுறை எங்கள் வீட்டு வாசலில் குனிந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பின்னால் பெரியப்பா வந்தார். பெரியப்பா என்றால் நைனாவின் ஒன்றுவிட்ட அண்ணன். நைனா என்று நாங்கள் சொல்வது அப்பாவை. பிட்டர் திரும்பவே இல்லை.

“பெரியவரே, வலது செருப்பு வாரு அறுந்துடும்” என்றார்.

மறுநாள் சந்தையில் அறுந்தது. ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்த பெரியப்பா எங்கள் வீட்டில் உட்கார்ந்து சத்தம் போட்டார்.

“செருப்பு அறுந்ததுக்கு இல்லப்பா கோவம். நா நடக்கறத அவன் இன்னாத்துக்குக் கேட்டுக்கினு கீறான்? இன்னும் இன்னா இன்னாத்தக் கேட்டு வச்சிக்கினு கீறானோ!”

அம்மா சிரித்தாள். “அவரு காதுல உழுந்தா கெணத்துல உழுந்த மாதிரிதான் மாமா. சத்தம் வரும், சாமான் வராது.”

பிட்டருக்கு மனைவி மக்கள் இல்லை. விதவையான அக்கா ஒருத்தி அவரோடு இருந்தாள். தம்பி பேசாததையெல்லாம் சேர்த்து அவள் பேசுவாள். இரண்டு மைல் தள்ளியிருந்த பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். “எந்தம்பி வாய காணிக்கப் பெட்டியில போட்டுட்டு வந்துட்டான். கர்த்தரு இன்னும் திருப்பிக் குடுக்கல” என்பாள்.

ஊரில் யார் எதைச் செய்தாலும் அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்த காலம் அது. எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. ஆந்திர மாநிலம் பிரிந்து ஐந்தரை வருஷம் ஆகியும் எல்லைத் தகராறு தீரவில்லை. ஊர் ஆந்திராவில் இருக்குமா, மெட்ராஸ் பக்கம் போகுமா என்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை, தெலுங்குப் பிள்ளைகள் எத்தனை என்று இரண்டு தரப்பும் என்னிடம் வந்து தனித்தனியாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லும் மனுவில் கையெழுத்து வாங்க நானே வீடு வீடாகப் போனேன். பிட்டர் தடையில்லாமல் போட்டார். நான்கு நாள் கழித்து ஆந்திராவிலேயே இருக்கவேண்டும் என்ற மனுவைத் தற்செயலாகப் பார்த்தேன். அதிலும் அவர் கையெழுத்து, அதே சாய்வோடு இருந்தது.

“இன்னாண்ணா இது? ரெண்டுலயும் போட்டிருக்கீங்க?”

“ரெண்டு பேரும் வந்து கேட்டாங்க.”

“உங்களுக்கு எந்தப் பக்கம் வேணும்?”

“கேட்டுச்சி.”

அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் நம்பிக்கை குறைந்தது. மறைக்காமலே மாற்றிச் செய்கிற மனிதரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கரும்புத் தோட்டத்தை ஒட்டி இருந்தது அது. நான்கு பேர் பங்கு. பிட்டர், அடுத்து எங்கள் நைனா, அடுத்து பெரியப்பா, கடைசியாக ஊரே பாவா என்று அழைக்கும் தெலுங்குக்காரர். இந்த வரிசையில் ஆளுக்கு ஒரு நாள் முறை. விடிந்ததிலிருந்து உச்சிப் பொழுது வரை இறைக்கலாம். பிற்பகலில் கிணறு ஊற வேண்டும். தன் முறை தவறியோ, நேரம் கடந்தோ இறைத்தவனுக்கு அடுத்த இரண்டு முறை கிடையாது. இதெல்லாம் எழுதிவைத்த சட்டம் இல்லை. பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. இன்ஜின் சத்தம்தான் காவல்.

நான்கு பேரும் சேர்ந்து வாங்கிய சின்ன ஆயில் இன்ஜின் அது. கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் மேடை கட்டி அதன்மேல் வைத்திருந்தோம். புகைக்குழாய் மட்டும் மேலே வந்து கொட்டகை ஓரம் நின்றது. அதன் சத்தம் கால் மைல் தூரம் கேட்கும். அது பிடிக்கும் நேரமும் நிற்கும் நேரமும் ஊருக்கே தெரியும். நின்றதும், “இஞ்சின் நின்னுபோச்சி, உலை வையி” என்று ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குரல் போகும். யாராவது கால் மணி கூடுதலாக ஓட்டினால் போதும், பாவா தன் வீட்டுக் கூரையின் கீழ் இருந்தபடியே கத்துவார்: “ஏமய்யா, சூரியன் உங்க ஊட்டுக்கு மட்டும் லேட்டா?”

இன்ஜினைப் பார்த்துக்கொள்வது பிட்டரின் பொறுப்பு. கொட்டகைச் சாவி அவரிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விடிந்ததும் அக்காவோடு சபைக்குப் போய்ப் பொழுது சாய்ந்துதான் வருவார். போகும்போது கிணற்றுக்குப் பக்கத்து வீடு என்று எங்கள் வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். கதவு ஓரத்து ஆணியில் அது தொங்கும். யார் முறையோ அவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். அவருடைய முறையே ஞாயிறு அன்று வந்தால் இறைக்க மாட்டார். அன்று கிணறு சும்மா கிடக்கும்.

இப்படியிருந்த மனிதர்தான் மாசி மாதத்தில் அந்தச் சத்தத்தை அடக்கும் வேலையில் இறங்கினார்.

முதலில் புகைக்குழாயை வளைத்து, மண்ணில் புதைத்த ஒரு பானைக்குள் விட்டார். பானையைச் சுற்றி மணல். பாவா வந்து பார்த்தார். “பொங்கல்தான் போயிடுச்சே பிட்டரூ, இப்ப இன்னாத்துக்குப் பானை?” இரண்டாம் நாள் பானை வெடித்தது. அடுத்து மண்ணெண்ணெய்த் தகரத்தை மாட்டினார். சத்தம் குறைவதற்குப் பதிலாகத் தகரம் தானும் சேர்ந்து அதிர்ந்தது. தமுக்கு அடிப்பதாக நினைத்துப் பள்ளிப் பிள்ளைகள் வெளியே ஓடிவிட்டார்கள். என் நோட்டில் அந்த நாளுக்கு, “பாடம் நடக்கவில்லை” என்று இருக்கிறது.

மூன்றாவதற்கு அவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து அதில் வரிசையாக ஓட்டை போட்டார். கையால் சுற்றும் டிரில்லை மார்பில் அழுத்திக்கொண்டு, ஒரு நாளைக்கு ஐந்தோ ஆறோ. திருப்பதிக்குப் போய் லேத்துப் பட்டறையில் சுருள் சுருளாக விழும் இரும்புத் துருவலை ஒரு சாக்கில் அள்ளி வந்தார். ஓட்டைக் குழாயை ஒரு பெரிய உருட்டுத் தகர டப்பாவின் நடுவில் நிறுத்தி, சுற்றிலும் துருவலை அடைத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டு ரிவெட் அடித்தார். அதன்மேல் சாணி கலந்த களிமண்ணைக் கனமாகப் பூசிக் காயவைத்தார். முதல் நாள் மாட்டியதும் இன்ஜின் திணறியது. கரும்புகை கக்கியது. வாய்க்காலில் தண்ணீர் நூலாக வந்தது. பெரியப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

“யோவ், இஞ்சினக் கொல்லப் பாக்கறியா?”

பிட்டர் ஸ்குரு டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டார். அப்புறம் கழற்றி, பாதித் துருவலை வெளியே எடுத்தார். இன்னும் ஒரு வரிசை ஓட்டை போட்டார். அப்போதுதான் அவர் வாயிலிருந்து இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.

“கொழா வாய விட ஓட்டைங்க மொத்தமா பெருசா இருக்கணும் வாத்யாரே. அது மூச்சு வுடணும், சத்தம் வுடக்கூடாது.”

பங்குனி 20 அன்று மறுபடி மாட்டினார். கொட்டகை அருகே நின்றால் யாரோ தொண்டையைச் செருமுவது போல் ஒரு முனகல். எங்கள் வீட்டுக்கு வந்தால் அதுவும் இல்லை. தண்ணீர் முன்போலவே பாய்ந்தது. வேலை என்ற அளவில் அது அருமையான வேலை. அதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதே வாரத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயத்தையும் குறித்திருக்கிறேன். அம்மா விதைக் கடலை போட்டுவைக்கும் நீலப் பெயிண்ட் அடித்த உருட்டு டப்பாவைக் காணோம் என்று தேடினாள். என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது. நைனாவைக் கேட்டாள். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. கடலை ஒரு கோணியில் இருந்தது.

சித்திரை வந்ததும் வெயில் கடுமையாகிவிட்டது. கிணறு இறங்கியது. யார் எத்தனை நேரம் இறைக்கிறார்கள் என்று தெரியாமல் பங்காளிகள் தவித்தார்கள். கிணறு சும்மா கிடக்கும் நாள் தவிர, பாவா வேலையை விட்டுவிட்டு நாளைக்கு மூன்று தடவை கிணற்று மேட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார். “எவன் முறை நடக்குது, நின்னுச்சா நிக்கலியா, எனக்கு எட்லா தெலுசு, எப்டித் தெரியும்? செவுட்டு ஊரு ஆயிடுச்சே!” பெரியப்பாவின் வேர்க்கடலை பூவெடுக்கும் நேரத்தில் வாடியது. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். எல்லாவற்றையும் கேட்கிற ஆள், வேறு யாரும் கேட்கக்கூடாது என்று எதற்காகச் செய்தான்?

நைனா மட்டும் அதிகம் பேசவில்லை. “எழுதற பழக்கந்தான் உனக்குக் கீதே. நீயே பாத்து எழுது” என்று என்னிடம் சொன்னவர் பெரியப்பா. நைனா, “அவனுக்கு எங்க நேரம்?” என்றார். நான் ஒப்புக்கொண்டேன்.

கிணற்றின் கல்படிகளை அளவாக வைத்துக்கொண்டேன். தினமும் விடியலில் போய், நீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எழுதினேன். ஒருவர் முறை முடிந்து கிணறு ஊறியபிறகு, ஒரு நாளைக்கு அரைப் படி, மிஞ்சினால் ஒரு படி இறங்கும். கோடைமழை பெய்தால் ஏறும். இரண்டு மாதம் விடாமல் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் படியை எண்ணிவிட்டு அப்படியே ரயிலுக்கு ஓடுவேன். ஊர் ஆந்திராவிலேயே இருந்துவிட்டால் தெலுங்குத் தேர்வு எழுதினால்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குத் திருப்பதியில் ஞாயிறுதோறும் வகுப்பு. விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவேன்.

ஆனி பிறந்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாட்கள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றன. சித்திரை 6, வைகாசி 3, வைகாசி 31. அந்த மூன்று நாளிலும் கிணறு இரண்டரைப் படிக்குக் குறையாமல் இறங்கியிருந்தது. உச்சிப் பொழுதோடு நிறுத்தாமல் பகல் முழுக்க ஓட்டினால்தான் அவ்வளவு இறங்கும். முறை வரிசையோடு வைத்துப் பார்த்தேன். மூன்றும் பிட்டரின் நாள். மாதம் ஒரு தடவை மட்டும் செய்தால் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று கணித்திருக்கிறார், அதற்குத்தான் சைலன்சர் என்று முடிவு கட்டினேன். நைனாவிடம்தான் முதலில் காட்டினேன். அவர் நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“நீ எழுதனது தப்பா இருக்காதே?”

“இருக்காது நைனா.”

“அப்ப சரி” என்று திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் மாலை நான்கு பங்காளிகளும் கிணற்று மேட்டில் கூடினார்கள். பிட்டரின் அக்காவும் வந்து சற்றுத் தள்ளி நின்றாள். நான் மூன்று தேதிகளையும் படித்தேன்.

பெரியப்பா எழுந்துவிட்டார். “இன்னாய்யா சொல்ற? எங்கடலை காயுது, நீ பகலெல்லாம் ஓட்டிக்கினு இருந்தியா?”

“மாட்லாடய்யா!” என்றார் பாவா. “பேசுய்யா! இப்பவாவது வாயத் தொற.”

பிட்டர் இடது காதைச் சாய்த்தபடி நின்றிருந்தார். நான் படித்து முடித்ததும் மெதுவாகத் தலையைத் திருப்பி, என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

“கெழம எழுதலியா வாத்யாரே?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் எழுத்தில் குறை கண்டுபிடித்துத் தப்பிக்கப் பார்க்கிறார் என்று தோன்றியது. “தேதி கீது, முறை கீது. கெழம எதுக்கு?” என்றேன்.

அவர் நைனாவைப் பார்த்தாரா என்று இன்று பலமுறை யோசிக்கிறேன். பார்த்ததாக நினைவில்லை. நைனா வரப்பில் உட்கார்ந்து ஒரு கரும்புத் தோகையைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

“கேட்டுச்சி” என்றார் பிட்டர். பானாவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்ச் சைலன்சரைக் கழற்றிவிட்டு வந்தார். சாவியைக் கொட்டகைக் கதவிலேயே தொங்கவிட்டார்.

பிட்டரின் அடுத்த இரண்டு முறையும் பறிபோயின. அவருக்கு இருந்தது அரை ஏக்கர் மிளகாய், அதுவும் காய்ப்பில் இருந்தது. பன்னிரண்டு நாள் தண்ணீர் இல்லை. மழையும் இல்லை. நான் பள்ளிக்குப் போகும் வழியில் அந்தக் கொல்லை இருந்தது. முதலில் இலை சுருண்டது. அப்புறம் பிஞ்சு உதிர்ந்தது. பத்தாம் நாள் அக்கா செடியைப் பிடுங்கி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா வாத்யாரே, நின்னுட்ட? இதையும் எழுதிக்கோ. பக்கம் இல்லன்னா சொல்லு, சபையில கேட்டு நோட்டு வாங்கியாறேன்.”

நான் நடந்தேன். அவள் விடவில்லை.

“அன்னிக்கு ஒரு வாய் தொறக்கச் சொன்னேன் அவன. தொறக்கலயே! இன்னாத்துக்குடா வாய மூடிக்கினு கீறன்னா, மறுபடி அதையேதான் சொல்றான் பாவி.”

முறை பறிபோனால் அந்த நாள் வரிசையில் அடுத்தவருக்குச் சேரும் என்பது வழக்கம். அடுத்தவர் நைனா. அந்த வருஷம் எங்கள் கரும்பு நன்றாக இருந்தது.

சைலன்சர் போன பிறகு கிணறு அப்படித் திடீரென்று இறங்கவே இல்லை. அதை என் முடிவுக்குக் கிடைத்த சாட்சியாக எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறேன். ஆவணியில் பிட்டர் தன் பங்கைப் பெரியப்பாவுக்கு விட்டுவிட்டு அக்காவோடு திருப்பதிக்குப் போய்விட்டார். 1960 ஏப்ரல் முதல் தேதி எல்லை மாறியது. சுற்றுவட்டாரத்தில் பல ஊர்கள் மெட்ராஸ் பக்கம் போயின. எங்கள் ஊர் போகவில்லை. எந்த மனுவால் என்பது எனக்குத் தெரியாது. நான் தெலுங்குத் தேர்வில் தேறினேன்.

அவரை அதன்பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். நான்கைந்து வருஷம் கழித்து இருக்கும். மலைக்கு நடந்து போகலாம் என்று அலிபிரி வரை போனவன், படிகள் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சைக்கிள் கடையில் அவரைக் கண்டேன். சக்கரத்தைச் சுழலவிட்டுக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடுவதற்கு முன்பே, “வா வாத்யாரே” என்றார். அக்கா செத்துப்போனதைச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். கிணற்றுப் பேச்சை நானும் எடுக்கவில்லை. கிளம்பும்போது அவராகக் கேட்டார்.

“உங்க நைனாவுக்குத் தலைநோவு எப்டி கீது?”

“நைனாவுக்கா? அவருக்குத் தலைநோவே வந்ததில்லியேண்ணா.”

சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கையால் பிடித்து நிறுத்தினார். முதல் தடவையாகக் காதைச் சாய்க்காமல் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“கேட்டுச்சி” என்றார்.

வேறு யாரையோ நினைத்துக் கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டு படியேறிவிட்டேன்.

நைனா காலமான மறுவருஷம் கிணற்றுக்கு மின்மோட்டார் வந்தது. பழைய கொட்டகையைப் பிரித்தபோது மூலையில் அந்தச் சைலன்சர் கிடந்தது. தூக்கி வெளியே போட்டார்கள். களிமண் உடைந்து சில்லுச் சில்லாக உதிர்ந்தது. உள்ளே தகரம் பெரும்பாலும் கருகியிருந்தது. அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலப் பெயிண்ட் இருந்தது. அப்படி நீலம் அடித்த டப்பாக்கள் அந்நாளில் புத்தூர்ச் சந்தையில் நிறைய விற்றன என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்து பழைய நோட்டையும், பரணிலிருந்த அந்த வருஷத்து விகாரிப் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சித்திரை 6, ஞாயிறு. வைகாசி 3, ஞாயிறு. வைகாசி 31, ஞாயிறு. நாலு நாளைக்கு ஒரு முறை வருபவருக்கு இருபத்தெட்டு நாளுக்கு ஒரு ஞாயிறு அமையும். அந்த மூன்று விடியலிலும் அன்று ஞாயிறு என்று எனக்குத் தெரிந்திருந்தது. ரயிலைப் பிடிக்கத்தானே ஓடினேன். இரண்டு மாதம் கழித்துத் தேதிகளை மட்டும் வரிசைப்படுத்தியபோது அது தெரியவில்லை. அந்த மூன்று நாளும் பிட்டர் இரண்டு மைலுக்கு அப்பால் சபையில் இருந்தார். நான் திருப்பதியில் தெலுங்கு எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தேன். கொட்டகைச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் இருந்தது.

திங்கட்கிழமை வந்து இன்ஜினைத் தொட்டதுமே அவருக்குத் தெரிந்திருக்கும். மூன்று தடவையும் தெரிந்திருக்கும். தெரிந்தும் சாவியை ஏன் எங்கள் வீட்டிலேயே கொடுத்தார்? கிணற்று மேட்டில் ஏன் கிழமையை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்? அவர்மேல் எனக்கிருந்த சந்தேகம் முழுவதும் போய்விட்டது என்று எழுத ஆசைதான். அது இடம் மாறியது, அவ்வளவே.

மறுவாரமே அலிபிரிக்குப் போனேன். சைக்கிள் கடை இருந்த இடத்தில் சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். விசாரித்த நான்கு பேருக்கும் அப்படி ஒருவரைத் தெரியவில்லை. பெயர் என்ன என்று கேட்டார்கள். பிட்டர் என்றேன். இங்கே எல்லோரும் பிட்டர்தான் என்றார்கள்.

அவர் விசாரித்த அந்தத் தலைநோவைப் பற்றிக் கேட்க மிச்சமிருந்தது அம்மா. உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நைனாவுக்குத் தலைநோவு உண்டா?”

“எப்போ?”

“கெணத்துல இஞ்சின் ஓடறப்போ. அந்தச் சத்தத்துல.”

முறம் நின்றது. “பிட்டரு அப்டியா சொன்னாரு?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் உளுந்தைப் பானையில் கொட்டிவிட்டு உள்ளே போனாள். அதன்பின் அவள் இருந்த ஒன்பது வருஷத்தில் நான் மறுபடி கேட்கவில்லை.

நைனா உண்மையிலேயே தலைநோவு என்று சொல்லியிருந்து, அதற்காக இவர் சைலன்சர் செய்திருந்தால், பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்த உதவி அது. சத்தம் அடங்கிய பிறகுதான் நைனாவுக்கு ஆசை வந்தது என்றாகும். தலைநோவே இல்லாமல், இருப்பதாகப் பொய் சொல்லியிருந்தால், டப்பாவைத் தூக்கிக் கொடுத்த நாளிலேயே எல்லாம் முடிவாகியிருந்தது. அலிபிரியில் நான் வாய்தவறிச் சொன்ன பதிலிலிருந்து அவர் எதைப் புரிந்துகொண்டாரோ தெரியாது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில், இந்தத் தடவை கிழமையோடு, இப்படி எழுதிவைத்திருக்கிறேன்:

“மூன்று தேதிகளும் ஞாயிறு. உறுதி. நீலத் தகரம் எங்களுடையதாக இருக்கலாம். அந்த வருஷம் எங்கள் வீட்டில் யார் யாருக்கு என்ன நோவு என்று நான் எழுதிய பக்கங்கள் முழுவதும் பார்த்தேன். தங்கையின் காய்ச்சல் உண்டு, அம்மாவின் பல்வலி உண்டு. நைனாவின் தலைநோவு இல்லை. ஆனால் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்ததில்லை. அவருக்குத் தலைநோவு இருந்ததா என்பது உறுதி செய்யப்படவில்லை.”